தோட்டம் ஓட்டும்போது வந்த கருப்புக் கட்டிகள்: கல்லா, இரும்பா?

மேட்டுக்காடு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கமுங்க. சென்னிமலைக்கு மேற்கே, நொய்யலின் வடகரையில் எங்களுக்கு நாலரை ஏக்கர் மேட்டுக்காடு இருக்கிறது. அப்பா இருந்தவரை சோளமும் கொள்ளும் போட்டார். அதற்கப்புறம் ஏழெட்டு வருடம் கொறங்காடாகக் கிடந்தது, ஆடுதான் மேய்ந்தது. இந்த ஆடிக்கு நிலக்கடலை போடலாம் என்று சட்டிக்கலப்பை விட்டு ஆழமாக ஓட்டினோம்.

வடமேற்கு மூலையில் கிளுவை வேலியை ஒட்டி ஒரு பத்து சென்ட் அளவுக்குச் சாலெல்லாம் கருப்புக் கட்டிகளாக வெளியே வந்தன. எலுமிச்சம்பழ அளவில் இருந்து உரித்த தேங்காய் அளவு வரை இருக்கிறது. ஒரு பக்கம் மெழுகு வழிந்து உறைந்த மாதிரி வழவழப்பு. மறுபக்கம் சொரசொரப்பு, மண் ஒட்டிக்கொண்டு இருக்கிறது. உடைந்த இடத்தில் தேன்கூடு மாதிரி ஓட்டைகள். கையில் எடுத்தால் அந்த அளவுக்குக் கல் இவ்வளவு கனக்காது. பழைய ரேடியோ ஸ்பீக்கர் காந்தத்தை வைத்துப் பார்த்தேன். சில கட்டி லேசாக இழுக்கிறது, சிலது கண்டுகொள்ளவே இல்லை. அந்த மூலையில் மட்டும் மண்ணும் மற்ற இடம் போலச் செம்மண்ணாக இல்லை, கரி கலந்த மாதிரி கருத்திருக்கிறது.

டிராக்டர் ஓட்டிய தம்பி, அள்ளி இட்டேரிக் குழியில் கொட்டிவிடலாம் என்கிறார். கொட்டுவதற்கு முன் கேட்டுவிடலாம் என்று தோன்றியது. இது என்னங்க? இரும்பு என்றால் மண்ணுக்குள் கிடந்தும் எப்படித் துருப்பிடித்து உதிராமல் இருக்கிறது? கடலைக்குக் கெடுதல் ஏதாவது உண்டா? படம் போட்டிருக்கிறேன்.

தாராபுரத்தான் எழுதியது:

நண்பரே, உடைக்காமல் பத்திரமாக வையுங்கள். கனமாக, கருப்பாக, காந்தம் இழுக்கிறது என்றால் விண்கல்லாக இருக்க வாய்ப்பு உண்டு. விண்கல்லில் இரும்பு நிறைய இருக்கும் என்று படித்திருக்கிறேன். நல்ல விலை போகும் என்பார்கள்.

வார்ப்படம் எழுதியது:

தம்பி, உங்கள் படத்தைப் பெரிதாக்கி ரொம்ப நேரம் பார்த்தேன். விண்கல் இல்லை, மலைக்கல்லும் இல்லை. அது சிட்டம். இரும்பு எடுக்கும்போது உலையில் இருந்து வழிந்து ஓடுகிற கசடு. பவுண்டரியில் நாங்கள் சிலாக் என்போம். உங்கள் காட்டில் யாரோ ஒரு காலத்தில் உலை வைத்து இரும்பு எடுத்திருக்கிறார்கள். தயவு செய்து இட்டேரிக் குழியில் கொட்டிவிடாதீர்கள்.

கோவையில் கணபதிப் பக்கம் 34 வருடம் பவுண்டரி வேலை பார்த்தவன் நான். மோல்டிங்கில் சேர்ந்து, மெல்டிங்கில் ஓய்வு பெற்றேன். சாயங்காலம் கியூபோலா என்கிற இரும்பு உருக்கும் உலையின் அடிக்கதவைத் தட்டிவிட்டால் கொட்டுமே கட்டி, அதுவும் உங்கள் கட்டியும் அண்ணன் தம்பி மாதிரி. ஆனால் எங்கள் சிலாக் கண்ணாடிபோல் பளபளக்கும், கையில் லேசாக இருக்கும். சுண்ணாம்புக்கல் போட்டுக் கசடைப் பிரித்துவிடுவதால் அதற்குள் இரும்பு அதிகம் தங்காது. உங்களுடையது கனக்கிறது என்கிறீர்கள். பழைய உலை என்பதற்கு அந்தக் கனம்தான் முதல் சாட்சி.

விண்கல் என்று சொன்ன நண்பருக்கு: மனிதர் முதலில் தொட்ட இரும்பு வானத்தில் இருந்து விழுந்ததுதான், அதில் தப்பில்லை. எகிப்தின் துட்டன்காமுன் கல்லறையில் கிடைத்த குத்துவாள் விண்கல் இரும்பில் செய்தது. அதில் கலந்திருக்கும் நிக்கலை வைத்துக் கண்டுபிடித்தார்கள். ஆனால் இரும்பு விண்கல்லில் தேன்கூட்டு ஓட்டை இருக்காது. காற்றுக்குமிழி சிக்கிய ஓட்டை என்றால் அது நெருப்பில் கொதித்த கசடு.

அந்தக் காலத்து உலையில் இரும்பு உருகவே இல்லை. இதைப் பலர் நம்ப மாட்டார்கள். சுத்தமான இரும்பு உருக 1538 டிகிரி சூடு வேண்டும். மண் உலையும் தோல் துருத்தியும் வைத்து ஊதினால் 1200, கொஞ்சம் மேலே போகும், அவ்வளவுதான். ஆனால் இரும்பை எடுக்க உருக்க வேண்டியதில்லை. கனிமத்தில் இரும்பு ஆக்சிஜனோடு சேர்ந்து கிடக்கிறது. மரக்கரி எரியும்போது வருகிற கார்பன் மோனாக்சைடு அந்த ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொண்டு போய்விடும். மிச்சம் நிற்பது இரும்பு. கனிமத்தோடு வந்த மணல், வெங்கச்சங்கல் எல்லாம் இரும்பு ஆக்சைடில் ஒரு பங்கைச் சேர்த்துக்கொண்டு உருகி, தேன் மாதிரி அடியில் வழியும். அப்படி வழிந்து உறைந்ததுதான் உங்கள் கட்டியின் வழவழப்பான பக்கம். தரையில் பட்ட பக்கம் சொரசொரப்பு. உலைக்குள் தங்கியது பஞ்சு மாதிரி ஓட்டை ஓட்டையான இரும்புக் கட்டி. அதைச் சூட்டோடு எடுத்துச் சம்மட்டியால் அடித்து, உள்ளே இருக்கும் கசடை வெளியே பிதுக்கினால் தேனிரும்பு.

கசடு உருகி ஓடவே இரும்பைத் தின்ன வேண்டியிருந்ததால் எடுத்தது பாதி, விட்டது பாதி என்றுதான் அந்த உலை வேலை செய்தது. அதனால்தான் அவ்வளவு கனம்.

ஒரு சோதனை சொல்கிறேன், வீட்டிலேயே செய்யலாம். கொக்கித் தராசில் கட்டியைக் கயிறு கட்டித் தொங்கவிட்டு எடை பாருங்கள். அப்புறம் அதே தராசில் தொங்கவிட்டபடி ஒரு வாளித் தண்ணீரில் முழுக்க முக்கி எடை பாருங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தால் முதல் எடையை வகுத்தால் அடர்த்தி வரும். நம்மூர்ப் பாறை என்றால் 2.7 பக்கம் நிற்கும். இரும்பேயானால் 7.87. பழைய சிட்டம் மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் வரும். உலர்ந்த கட்டியாக, ஓட்டை குறைந்ததாகப் பார்த்து எடுங்கள்.

மேட்டுக்காடு எழுதியது:

ரொம்ப நன்றிங்கண்ணா. நேற்றே செய்துவிட்டேன். காற்றில் 1,860 கிராம், தண்ணீரில் முக்கியபோது 1,330 கிராம். வித்தியாசம் 530. வகுத்தால் மூன்றரை வருகிறது.

இன்னொன்று. எங்கள் அப்பாரு, அதாவது தாத்தா, அந்த மூலையை உலைமேடு என்றுதான் சொல்வார். உலைமேட்டில் ஆட்டை விடு, உலைமேட்டு வேலியைக் கட்டு என்பார். சின்ன வயதில் இருந்து கேட்ட பேர், ஏன் என்று நான் கேட்டதே இல்லை. அம்மாவிடம் கேட்டேன், அவர்களுக்கும் தெரியவில்லை.

கனிமம் எங்கிருந்து வந்திருக்கும்? எங்கள் காட்டில் சுரங்கம் எதுவும் இல்லையே. எவ்வளவு பழசு என்று சொல்ல முடியுமா?

வார்ப்படம் எழுதியது:

மூன்றரை என்றால் சந்தேகமே வேண்டாம் தம்பி.

சின்ன வயதில் ஸ்பீக்கர் காந்தத்தை ஆற்று மணலில் உருட்டி விளையாடி இருப்பீர்கள். கருப்பு ரோமம் முளைத்த மாதிரி மணல் ஒட்டிக்கொள்ளும். அதுதான் மேக்னடைட், இரும்புக் கனிமங்களில் வளமானது. சுத்தமாக இருந்தால் நூற்றுக்கு 72 பங்கு இரும்பு. சேலம் கஞ்சமலை முழுக்க இந்த மேக்னடைட் பாறைதான். சென்னிமலைப் பக்கமும் உண்டு. சுரங்கம் தோண்ட வேண்டியதில்லை. மலையில் இருந்து உதிர்ந்து மழைத்தண்ணீரில் வந்த கருமணலை ஓடையில் அரித்து எடுத்தாலே ஓர் உலைக்குப் போதும். பெரிய செலவு கரிக்குத்தான். இரும்பைவிட விறகு எங்கே கிடைக்கும் என்று பார்த்துத்தான் உலை வைத்திருப்பார்கள்.

நீங்கள் சொல்லும் இடத்துக்குக் கூப்பிடு தூரத்தில் கொடுமணல் இருக்கிறது. பதிற்றுப்பத்து கொடுமணம் என்று சொல்லும் ஊர். 1985-இல் இருந்து பலமுறை அங்கே அகழாய்வு நடந்திருக்கிறது. பச்சைக்கல், சூதுபவள மணிகளைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு அங்கே கிடைத்த இரும்பு உலைகளும் ஊதுகுழல் துண்டுகளும்தான் பெரிதாகப் படுகிறது. நொய்யல் கரையில் இருந்தவர்கள் இரும்போடு நிற்கவில்லை, உருக்கும் செய்தார்கள்.

இரும்புக்கும் உருக்குக்கும் என்ன வித்தியாசம் என்று என்னிடம் வேலை பழக வந்த எல்லாப் பையன்களும் கேட்பார்கள். எல்லாம் உள்ளே போகிற கரியின் அளவுதான். நூறு பங்கில் கால் பங்குக்கும் கீழே கரி இருந்தால் தேனிரும்பு மாதிரி வளையும், அடித்தால் நீளும். முக்கால் பங்கு, ஒரு பங்கு கரி இருந்தால் கூர் நிற்கும் உருக்கு. மூன்று, மூன்றரை ஆனால் வார்ப்பிரும்பு. அது 1200 டிகிரிக்குள்ளேயே தண்ணீராக உருகி எந்த அச்சிலும் ஓடும், ஆனால் சுத்தியால் போட்டால் உடையும். கோயமுத்தூர் பம்பும் மோட்டார் பாடியும் அந்த ஓட்டத்தை நம்பித்தான் பிறந்தன.

உலையில் நாங்கள் இதைக் கண்ணால் பார்த்தே முடிவு செய்வோம். உருகிய இரும்பை ஒரு சின்னக் கரண்டியில் மோந்து ஆப்பு வடிவ மணல் அச்சில் ஊற்றுவோம். சிவப்பு அடங்கியதும் தண்ணீரில் முக்கி, ஒரே போடு போட்டு உடைப்போம். மெல்லிய முனைப்பக்கம் வெள்ளி மாதிரி வெளுத்திருக்கும், அதற்கு மேல் சாம்பல். வெள்ளை எவ்வளவு தூரம் ஏறியிருக்கிறது என்பதுதான் கணக்கு. அதிகம் ஏறினால் அந்த இரும்பில் ஊற்றிய பம்பு லேத்தில் டூலை ஒடிக்கும். உடனே உருகிய இரும்பை ஏந்தும் லேடிலில் பெரோசிலிக்கன், அதாவது சிலிக்கன் கலந்த இரும்பு, ஒரு பிடி போடுவோம். சாம்பல் முகத்தில் விரலைத் தேய்த்தால் பென்சில் தூள் மாதிரி ஒட்டும். பென்சிலில் இருக்கும் அதே கிராபைட்தான் அது. வெள்ளை முகத்தில் கரி அப்படித் தனியாக நிற்காமல் இரும்போடு கட்டிக்கொண்டு கிடக்கும், அதனால்தான் அந்தக் கடினம். உலோகத்தில் என்னென்ன எவ்வளவு என்று காட்டும் ஸ்பெக்ட்ரோமீட்டர் கருவி வந்த பிறகும் நான் ஆப்பு உடைப்பதை விடவில்லை.

நம் முன்னோர் கரியை உள்ளே ஏற்றிய வழி இன்னும் நுட்பம். தேனிரும்புத் துண்டைக் குகை என்கிற சின்ன மண் கிண்ணத்தில் போட்டு, கூடவே ஆவாரங்குச்சியும் எருக்கிலை மாதிரி பச்சை இலையும் வைத்து, வாயை மண்ணால் பூசி அடைத்து, கரியில் புதைத்து மணிக்கணக்கில் ஊதுவார்கள். உள்ளே குச்சி கரியாகி இரும்புக்குள் ஏறும். கரி ஏற ஏற உருகும் சூடு குறையும், கடைசியில் இரும்பு உருகிவிடும். மெதுவாக ஆறவிட்டுக் குகையை உடைத்தால் ஒன்றரைப் பங்கு கரி ஏறிய உருக்குக் கட்டி. மேல்நாட்டார் ஊட்ஸ் என்றது இதைத்தான். நம் உருக்கு, கன்னடத்து உக்கு என்பதில் இருந்து வந்த பேர் அது என்பார்கள். டமாஸ்கஸ் வாள் என்று உலகம் கொண்டாடிய வாளெல்லாம் இந்த வகை உருக்கு. மைக்கேல் பாரடே மின்சாரத்துக்குப் போவதற்கு முன் 1819 வாக்கில் இதை ஆராய்ந்து, ஏன் இவ்வளவு நன்றாக இருக்கிறது என்று மண்டையை உடைத்துக்கொண்டார். சேலத்துக் கனிமத்தை நம்பி ஜோசையா ஹீத் என்ற ஆங்கிலேயர் 1830-இல் பரங்கிப்பேட்டையில் ஆலையே தொடங்கினார்.

வயதைப் பற்றி நான் அவசரப்பட மாட்டேன். 2025 ஜனவரியில் தமிழக அரசு வெளியிட்ட தொல்லியல் அறிக்கையில் சிவகளை இரும்போடு கிடைத்த பொருட்களுக்கு கி.மு. 3345 வரை காலம் சொல்லியிருந்தார்கள். அதற்கு முன்பு வெளியான முடிவில் கிருஷ்ணகிரி மயிலாடும்பாறைக்குச் சொன்னது கி.மு. 2172. ஆனால் சேலம், கோவைச் சீமையில் 19-ஆம் நூற்றாண்டிலும் இப்படிச் சின்ன உலைகள் எரிந்துகொண்டுதான் இருந்தன. உங்கள் சிட்டம் இரண்டாயிரம் வருடமாகவும் இருக்கலாம், இருநூறு வருடமாகவும் இருக்கலாம். வழியில்லாமல் இல்லை: சிட்டத்துக்குள் சில சமயம் கரித்துண்டு சிக்கியிருக்கும். அந்தக் கரியைக் கார்பன் 14 முறையில் பார்த்தால் காலம் தெரியும். ஆகவே கட்டியை உடைக்காதீர்கள், சோப்புப் போட்டுக் கழுவவும் வேண்டாம்.

பெருந்துறை வாத்தியார் எழுதியது:

துருவைப் பற்றியும் கடலையைப் பற்றியும் தம்பி கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. நான் பள்ளியில் வேதியியல் எடுக்கிறேன்.

துரு என்பது இரும்பு ஆக்சிஜனோடும் தண்ணீரோடும் மறுபடி சேர்வது. இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் பிடிக்காது. மூன்று சோதனைக்குழாயில் ஆணி போட்டுப் பிள்ளைகளுக்கு இதை வருடா வருடம் காட்டுகிறேன். கொதித்து ஆறிய தண்ணீரில் எண்ணெய் மிதக்கவிட்ட குழாயில் ஆணி அப்படியே இருக்கும். சிட்டத்தில் இருக்கும் இரும்பில் பெரும்பகுதி ஏற்கெனவே ஆக்சிஜனோடும் சிலிக்காவோடும் கட்டிக்கொண்டது. மேலே கொஞ்சம் சிவக்குமே தவிர, ஆணி மாதிரி உதிர்ந்து போகாது. அதே உலையில் எடுத்த கத்தி அந்த மண்ணில் கிடந்திருந்தால் இந்நேரம் செதில் செதிலாகப் போயிருக்கும். கழித்துக் கொட்டியது நிற்கிறது, ஆசையாகச் செய்தது மண்ணாகிவிட்டது என்று நினைத்தால் மனதுக்கு ஒரு மாதிரி இருக்கிறது.

கடலைக்குக் கெடுதல் இல்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். உங்கள் பக்கம் சுண்ணாம்பு கலந்த மண் அதிகம். அந்த மண்ணில் இரும்பு எவ்வளவு இருந்தாலும் கரையாது, வேர் எடுக்க முடியாது. இளம் இலை நரம்பு மட்டும் பச்சையாக நின்று, நடுப்பகுதி மஞ்சளாக வெளுத்தால் அது இரும்புச் சத்துக் குறைவு. கட்டி கட்டியாக இரும்பு கிடக்கும் காட்டிலேயே செடி இரும்புக்கு ஏங்கும். அன்னபேதி உப்பை, அதாவது இரும்பு சல்பேட்டை, நூறு லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிலோ வீதம் கரைத்து இலையில் தெளித்தால் பச்சை திரும்பும். வேளாண்மை அலுவலரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

நம் உடம்பிலும் இதே கதைதான். பெரியவர் உடம்பில் மொத்தம் மூன்று நான்கு கிராம் இரும்புதான் இருக்கிறது, ஒரு சின்ன ஆணி அளவு. அதில் பெரும்பங்கு ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கிறது. சாப்பிடும் இரும்பில் கொஞ்சம்தான் உடம்பில் சேரும். எங்கள் பள்ளியில் இரும்புச் சத்து மாத்திரை கொடுக்கும் நாளில் பிள்ளைகளிடம் டீயோடு விழுங்காதே, நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்த்துக்கொள் என்று தொண்டை வறளச் சொல்கிறேன். டீயில் இருக்கும் டானின் இரும்பைப் பிடித்துக்கொள்ளும், வைட்டமின் சி விடுவித்துக் கொடுக்கும்.

பட்டறைப் பொண்ணு எழுதியது:

வார்ப்படம் அண்ணா எழுதியதைப் படித்ததும் எங்கய்யன் ஞாபகம் வந்துவிட்டது. காங்கேயம் பக்கம் எங்களுக்குக் கொல்லுப்பட்டறை. எங்கய்யன் பழைய லாரிப் பட்டையை வெட்டித்தான் அரிவாள் அடிப்பார். சூடேற்றித் தண்ணீரில் முக்கி இறுக்குகிற தோய்ச்சல் மட்டும் பகலில் வைக்கவே மாட்டார். விளக்கு வைக்கிற நேரம் வரட்டும் என்று காத்திருப்பார். வெயிலில் இரும்பின் நிறம் கண்ணை ஏமாற்றிவிடும் என்பார்.

உலையில் இருந்து எடுத்த அரிவாள் கோவைப்பழச் சிவப்பில் இருக்கும்போது வெட்டும் வாயை மட்டும் தண்ணீரில் முக்குவார். சுர்ரென்று ஒரு சத்தம், அப்புறம் பட்டறை முழுக்க ஆவி. வெளியே எடுத்து, மணலில் இரண்டு தேய்ப்புத் தேய்த்துப் பளபளப்பாக்கிப் பார்த்துக்கொண்டே நிற்பார். முதுகில் மிச்சமிருக்கும் சூடு வாய்ப்பக்கம் நகர நகர நிறம் ஓடி வரும். முதலில் வைக்கோல் நிறம், அடுத்து கத்தரிப்பூ, கடைசியில் நீலம். வைக்கோல் கத்தரிப்பூவாக மாறும் அந்த நொடியில் மறுபடி முக்கிவிடுவார். நீலம் வரவிட்டால் கூர் மழுங்கும். வைக்கோலுக்கு முன்னாலேயே முக்கினால் கருவேல முடிச்சில் பட்டதும் பல் உதிரும்.

சிவந்த இரும்பில் காந்தம் ஒட்டுமா என்று ஒருநாள் குச்சியில் காந்தத்தைக் கட்டி நீட்டிப் பார்த்தேன். ஒட்டவில்லை. பிறகு டிப்ளமோ படித்தபோதுதான் 770 டிகிரிக்கு மேல் இரும்பு காந்த குணத்தை விட்டுவிடும் என்று தெரிந்தது. தோய்ச்சலுக்கான சூடும் அதற்குக் கொஞ்சம் மேலேதான். அந்தச் சூட்டில் இரும்பின் அணுக்கள் வேறு அடுக்குக்கு மாறி, நடுவில் கரிக்கு இடம் கொடுக்கும். சட்டென்று குளிர்ந்தால் கரி வெளியே வர நேரமில்லாமல் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். வாய் இறுகுவது அதனால்தான். எங்கய்யன் இது எதையும் படித்ததில்லை. லாரிப் பட்டைக்குப் பதில் சாதாரணக் கம்பியைக் கொடுத்தால் தட்டிப் பார்த்தே, இதில் தோய்ச்சல் ஏறாது, எடுத்துக்கிட்டுப் போ என்பார். கரி குறைந்த இரும்பு என்பதைச் சத்தத்தில் கண்டுபிடித்திருக்கிறார்.

உலைமேட்டில் உலை வைத்தவரும் அந்தி நேரத்தில்தான் நிறம் பார்த்திருப்பார் என்று நினைக்கிறேன்.

மேட்டுக்காடு எழுதியது:

எல்லோருக்கும் நன்றிங்க. இன்று காலை நானும் மகளும் உலைமேட்டில் மெதுவாக நடந்து பார்த்தோம். சாலுக்குள் ஒரு சுட்ட மண் குழாய்த் துண்டு கிடைத்தது. என் நடுவிரல் நீளம், உள்ளே பெருவிரல் நுழைகிற அளவு துளை. ஒரு முனை சாதாரணச் சுட்ட மண். மறுமுனை கண்ணாடி மாதிரி உருகி, கருப்பும் பச்சையுமாக இருக்கிறது. படம் போட்டிருக்கிறேன். அந்தப் பத்து சென்ட்டை விட்டுவிட்டு மற்ற இடத்தில் மட்டும் விதைக்கச் சொல்லிவிட்டேன். இனி என்ன செய்யட்டுங்கண்ணா?

வார்ப்படம் எழுதியது:

தம்பி, அது ஊதுகுழல். துருத்திக்காற்று உலைக்குள் போன வாய். கண்ணாடியாக உருகிய முனைதான் நெருப்பைப் பார்த்த பக்கம். இந்தப் படத்தைக் காலையில் இருந்து நாலு தடவை திறந்து பார்த்துவிட்டேன்.

இனிமேல் எதையும் தோண்ட வேண்டாம். மேலே கிடப்பதையும் அது அது கிடந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள், குழலை மட்டும் எடுத்ததால் பரவாயில்லை. கழுவாமல் ஒரு தாளில் சுற்றி, எந்த வேலியில் இருந்து எத்தனை அடி, எந்தச் சால், என்ன தேதி என்று எழுதி உள்ளேயே வையுங்கள். வி.ஏ.ஓ.விடம் ஒரு மனு கொடுத்துவிட்டு, நகலையும் படங்களையும் மாநிலத் தொல்லியல் துறைக்கு அனுப்புங்கள். ஈரோடு அரசு அருங்காட்சியகத்திலும் நேரில் காட்டலாம். உலைமேடு என்ற பேரையும், அதை உங்கள் அப்பாரு சொன்னார் என்பதையும் மனுவில் மறக்காமல் எழுதுங்கள். அவர்கள் வருகிற அன்றைக்கு முன்கூட்டியே சொன்னால், கணபதியில் இருந்து பஸ் ஏறி நானும் வந்துவிடுகிறேன்.